வழிதவறி மூளைக்குள் நுழைபவை

எங்கள் வீட்டு நாய்க்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்தபோது, அது பிழைத்துக்கொண்டது என்றே நாங்கள் நம்பினோம். முதலில் காய்ச்சல், பிறகு கண்ணிலும் மூக்கிலும் சளி, வயிற்றுப்போக்கு, சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு வாரம். அதன்பின் மெல்ல எழுந்தது, வாலாட்டியது, தட்டை நக்கித் தீர்த்தது. மூன்று வாரம் கழித்து ஒரு மாலையில், அதன் இடது பின்னங்கால் ஏதோ ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டதுபோலத் துடிக்கத் தொடங்கியது. இரண்டு நாளில் தாடையும் சேர்ந்துகொண்டது. வாயில் எதுவும் இல்லாமலே எதையோ விடாமல் மென்றுகொண்டிருந்தது. தடுப்பூசியை "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று தள்ளிப்போட்டவன் நான். அதில் வேறு யாரையும் குறை சொல்ல இயலாது. கால்நடை மருத்துவர் அதன் காலைச் சிறிது நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "வைரஸ் மூளைக்குப் போயிடுச்சு" என்றார்.

அந்த "போயிடுச்சு" என்னை நெடுநாள் விடவில்லை. மூக்கு வழியாக நுரையீரலுக்குள் வந்த ஒரு வைரஸ் எந்தச் சாலையைப் பிடித்து மூளைக்குப் போகிறது, அதற்கு ஏன் மூன்று வாரம் ஆகிறது, அங்கே போய் அது அடையும் ஆதாயம்தான் என்ன என்ற மூன்று கேள்விகளுடன் அன்று படிக்கத் தொடங்கினேன். முதல் இரண்டுக்கும் நல்ல பதில்கள் கிடைத்தன. மூன்றாவதற்குக் கிடைத்த பதில்தான் நான் எதிர்பாராதது: பெரும்பாலான வைரஸ்களுக்கு மூளையால் ஆதாயம் எதுவும் இல்லை.

உடலுக்குள் வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதை முதன்முதலில் நாள்வாரியாக வரைந்து காட்டியவர் ஆஸ்திரேலியரான ஃபிராங்க் ஃபென்னர். மெல்பர்னில் அவர் எடுத்துக்கொண்டது எலியம்மை. அதாவது எலிகளுக்கு வரும், பெரியம்மைக்கு உறவான ஒரு நோய். எலியின் உள்ளங்காலில் வைரஸைச் செலுத்திவிட்டு, ஒவ்வொரு நாளும் சில எலிகளை அறுத்து, எந்த உறுப்பில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று அளந்துகொண்டே போனார். 1948-இல் அவர் வெளியிட்ட படம் இன்றும் பாடநூல்களில் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. வைரஸ் முதலில் தோலில் பெருகுகிறது. அங்கிருந்து அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகிறது. அதைத் தாண்டிச் சிறிதளவு இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் நிகழும் இந்த முதல் கலப்பு அற்பமானது, பல வேளைகளில் அளக்கவே முடியாதது. ஆனால் அது கல்லீரலையும் மண்ணீரலையும் எட்டிவிடுகிறது. அங்கே பெருகி, இரண்டாம் முறையாக இரத்தத்தில் வெள்ளம்போல் இறங்கி, அப்போதுதான் உடல் முழுவதையும் தொடுகிறது. தோலில் கொப்புளம் தெரியும் நாளில், உள்ளே நடக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கிறது.

நோய் அறிகுறி தெரிவதற்கு முந்தைய அந்த அமைதியான நாட்களை நாம் "நோய் அரும்பும் காலம்" என்று ஒரு சொல்லால் கடந்துவிடுகிறோம். ஃபென்னர் அந்தச் சொல்லுக்குள் ஒரு முழுப் பயணத்தையே கண்டார். டிஸ்டெம்பரும் இதே பாதையில் போவதுதான். காற்றோடு வந்த வைரஸை மூச்சுப்பாதையில் முதலில் விழுங்குவது, அதைக் கொல்ல வேண்டிய மேக்ரோஃபேஜ் என்னும் காவல் செல்களே. அவை அதைக் கொல்லாமல் சுமந்துபோய் டான்சிலிலும் நிணநீர்க் கணுக்களிலும் சேர்க்கின்றன. முதல் வாரத்திற்குள் மண்ணீரல், குடல் சுவரின் நிணத்திசு எனப் பாதுகாப்புப் படையின் முகாம்கள் எல்லாம் வைரஸின் கையில். எட்டாம், ஒன்பதாம் நாள் வாக்கில் இரத்தத்தின் வழியே தோல், குடல், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் மேற்பரப்புச் செல்களுக்குப் பரவுகிறது; பல நாய்களில் அதே வேளையில் மூளைக்கும் போய்விடுகிறது. எங்கள் நாய் சாப்பிட மறுத்துப் படுத்திருந்த அந்த வாரத்திலேயே வைரஸ் அதன் மூளைக்குள் இருந்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துப் போகவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆனால் இரத்தத்தில் இருக்கும் ஒன்று மூளைக்குள் போவது அவ்வளவு எளிதன்று. 1885-இல் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, எல்லா உறுப்புகளும் நிறம் மாறின. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்கு அந்தச் சாயத்தின்மேல் நாட்டமில்லை என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் வேறொரு சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்தினார். இம்முறை மூளை நீலமாயிற்று, உடலின் மற்ற பகுதிகள் நிறம் மாறவில்லை. ஆசிரியரின் விளக்கம் தவறு, இடையில் ஏதோ ஒரு சுவர் இருக்கிறது என்பது மாணவரின் சோதனையில் தெரிந்தது. அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்பதை 1967-இல் மின்னணு நுண்ணோக்கி காட்டியது: மூளையின் இரத்த நுண்குழாய்களின் உட்புறச் செல்கள், இடைவெளியே இல்லாதபடி ஒன்றோடொன்று தைக்கப்பட்டதுபோல இறுகிக் கிடந்தன. உடலின் பிற பகுதிகளில் நுண்குழாய்ச் செல்களுக்கு இடையில் உள்ள சந்து மூளையில் கிடையாது.

இந்தச் சுவரைத் தாண்ட வைரஸ்கள் கையாளும் வழிகளில் முதலாவது, சுவரையே தொற்றுவது. நிபா வைரஸ் அதைத்தான் செய்கிறது. அது பற்றிக்கொள்ளும் எஃப்ரின்-பி2 என்ற புரதம் இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களிலும் இருக்கிறது, நரம்பணுக்களிலும் இருக்கிறது. ஒரே சாவியில் வாசற்கதவும் உள்ளறைக் கதவும் திறப்பதுபோல. 1998–99-இல் மலேசியாவில் பழந்தின்னி வௌவால்களிலிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிலிருந்து அவற்றை வளர்த்தவர்களுக்கும் அது பரவியபோது, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களின் மூளையில் சிறு இரத்தக்குழாய்கள் அழன்று அடைபட்டுக் கிடந்தன. இரண்டாவது வழி, சுவர் இறுக்கமாக இல்லாத இடங்களைத் தேடுவது. மூளைத் தண்டுவட நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னலில் நுண்குழாய்கள் சல்லடைபோல் இருக்கின்றன. அங்கே இறங்கி, அந்த நீரிலேயே மிதந்து, மூளை அறைகளின் ஓரச் சுவர்களைத் தொற்றும் வைரஸ்கள் உண்டு. டிஸ்டெம்பரும் அவற்றில் ஒன்று. அதன் புண்கள் மூளை அறைகளை ஒட்டிய பகுதிகளில் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. பிடித்தமானது என்று சொல்வது சரியில்லைதான், என்றாலும் அதன் கதை அப்படிப்பட்டது. 1933-இல் ஐஸ்லாந்து நாட்டினர் தங்கள் ஆட்டினத்தை மேம்படுத்துவதற்காக ஜெர்மனியிலிருந்து காராகுல் இன ஆடுகள் இருபதை வாங்கி வந்தனர். பார்வைக்கு அவை நோயற்றவை. தனிமைப்படுத்தியும் வைத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்து ஐஸ்லாந்தின் ஆடுகள் மூச்சிரைத்துச் சாகத் தொடங்கின. வேறு சில ஆடுகள் பின்னங்கால் தள்ளாடி, மெலிந்து, மாதக்கணக்கில் வாடிச் செத்தன. அந்த வாடலுக்கு அவர்கள் மொழியில் "விஸ்னா" என்று பெயர். பியோர்ன் சிகுர்ட்சன் என்ற அறிஞர் அதை ஆராய்ந்து, 1954-இல் "மெதுவான தொற்றுகள்" என்ற கருத்தை முன்வைத்தார்: தொற்றுக்கும் நோய்க்கும் இடையே ஆண்டுகள் கழியலாம், ஆனாலும் நோய் தொடங்கிவிட்டால் அதன் நடையில் தடுமாற்றம் இராது. லட்சக்கணக்கான ஆடுகளைக் கொன்றுதான் அந்த நோயை நாட்டைவிட்டு அகற்ற முடிந்தது.

விஸ்னா வைரஸ் மோனோசைட் எனப்படும் வெள்ளணுக்களுக்குள் ஒளிந்துகொள்கிறது. உள்ளே தன் மரபுப்பொருள் இருந்தும், புரதங்களை ஏறக்குறைய உருவாக்காமல் அடங்கிக் கிடக்கிறது. அதனால் வெளியிலிருந்து பார்க்கும் எதிர்ப்பாற்றலுக்கு அந்தச் செல் சந்தேகத்துக்கு இடமில்லாத செல். மூளைக்குள் வெள்ளணுக்கள் அவ்வப்போது காவல் சுற்றுக்குப் போவதுண்டு. போன இடத்தில் மோனோசைட் முதிர்ந்து மேக்ரோஃபேஜாக மாறும்போது வைரஸ் விழித்துக்கொள்கிறது. ஆய்வாளர்கள் இதை ட்ரோஜன் குதிரை என்று அழைத்தார்கள். எச்ஐவி மனிதரின் மூளைக்குள் போகும் விதமும் பெரிதும் இதுவே என்று பின்னாளில் தெரியவந்தது. இரண்டும் ஒரே வைரஸ் குடும்பத்தின் பிள்ளைகள்.

இதுவரை சொன்னது இரத்த வழி. இரத்தமே வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று போகிற இன்னொரு வழி இருக்கிறது. நரம்பு.

கால் விரலின் தசையை அசைக்கும் நரம்பணுவின் உடல் தண்டுவடத்தில் இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் ஆக்ஸான் என்ற மெல்லிய இழை விரல்வரை நீள்கிறது. செல் ஒன்றுதான், அதன் நீளம் ஒரு மீட்டரையும் எட்டலாம். அதாவது மைய நரம்பு மண்டலம் தன் கைகளைச் சுவருக்கு வெளியே நீட்டிவைத்திருக்கிறது. அந்தக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டால் கோட்டைக்குள் போய்விடலாம். ஆனால் தூரம் பெரிது. ஹெர்ப்பிஸ் வைரஸின் உட்கூடு ஆக்ஸானின் கூழுக்குள் தானாக மிதந்தே ஒரு சென்டிமீட்டர் நகர வேண்டுமானால் 200 ஆண்டுகளுக்கும் மேலாகும் என்று ஒரு கணக்கு உண்டு. எனவே எந்த வைரஸும் மிதந்து போவதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஏறிக்கொள்கிறது. ஆக்ஸானுக்குள் தண்டவாளம்போல் நுண்குழல்கள் ஓடுகின்றன. அவற்றின்மேல் டைனீன் என்ற மோட்டார் புரதம் நுனியிலிருந்து செல்லுடலை நோக்கியும், கைனெசின் என்ற மோட்டார் புரதம் எதிர்த்திசையிலும் சரக்குகளை இழுத்துக்கொண்டிருக்கின்றன. நரம்பு நுனியில் கிடைக்கும் வளர்ச்சிச் செய்திகளைச் செல்லுக்குத் தெரிவிக்க உருவான தபால் ஏற்பாடு அது. அதில் வைரஸ் பயணச்சீட்டு இல்லாமல் ஏறுகிறது.

இந்த வழியில் தேர்ந்தது ரேபிஸ் வைரஸ். வெறி பிடித்த விலங்கின் கடியில் எச்சிலோடு தசைக்குள் இறங்கும் அது, அங்கேயே சிறிது பெருகலாம், அல்லது சும்மா கிடக்கலாம். பிறகு தசையும் நரம்பும் கைகோக்கும் சந்தியில், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, நரம்பு நுனிக்குள் நுழைந்து, டைனீனின் முதுகில் ஏறி, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் தண்டுவடத்தை நோக்கிப் போகிறது. கடித்த இடம் முகமானால் நோய் விரைவில் வருவதும், காலானால் தாமதிப்பதும் பழங்காலத்திலிருந்தே கவனிக்கப்பட்டவை. 1880-களின் பிற்பகுதியில் இத்தாலியின் டி வெஸ்டியாவும் ஸகாரியும் விலங்கின் கால் நரம்பில் வைரஸைச் செலுத்திப் பார்த்து, அது நரம்பு வழியாகவே ஏறுகிறது என்று வாதிட்டனர். அதற்குச் சற்று முன்பே, 1885-இல், பாஸ்டர் முயலின் உலர்ந்த தண்டுவடத்தால் தடுப்பூசி போட்டுவிட்டிருந்தார். கடித்த பின் போடும் தடுப்பூசி ஒரு நோயைத் தடுக்கிறது என்றால், அது அந்த மெதுவான பயணம் கொடுக்கும் அவகாசத்தால்தான். வைரஸ் நரம்புக்குள் நுழைந்துவிட்டால் எதிர்ப்பொருளுக்கு அது எட்டாது. ஆகவேதான் கடிவாயைச் சோப்பும் நீரும் கொண்டு நெடுநேரம் கழுவுவதும், ஆயத்த எதிர்ப்பொருளைக் கடிவாய்க்குள்ளேயே செலுத்துவதும் தடுப்பூசியோடு சேர்த்து வலியுறுத்தப்படுகின்றன.

ஹெர்ப்பிஸ் குடும்பத்தினரும் நரம்பு வழிக்காரர்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் பாதிவழியில் இறங்கிவிடுகிறார்கள். உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ், முகத்தின் உணர்வு நரம்பு வழியே முக்கிளை நரம்பு முடிச்சு வரை போய், அங்கே ஆயுள் முழுவதும் உறங்கிக் கிடக்கிறது. அங்கிருந்து மூளை சில சென்டிமீட்டர் தொலைவுதான். ஆயினும் உலகில் கோடிக்கணக்கானோர் சுமக்கும் இந்த வைரஸ் மூளைக்குள் போவது மிக அரிது. விழித்தெழும்போதெல்லாம் வந்த வழியே உதட்டுக்குத் திரும்புகிறது. அதன் உறவினனான, பன்றிகளின் ஆவ்யெஸ்கி நோய் வைரஸும் அப்படியே: வளர்ந்த பன்றியில் அடக்கமாக இருக்கும். அதே வைரஸ் மாட்டுக்கோ நாய்க்கோ முயலுக்கோ போனால், நரம்பைப் பிடித்து ஏறி, தாங்கமுடியாத அரிப்பால் தோலைத் தானே கடித்துக் குதறிக்கொள்ளும்படி செய்து, சில நாட்களில் கொன்றுவிடும். தனக்குப் பழகிய விலங்கில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. பழகாத விலங்கில் தெரியவில்லை.

வழியைத் தேர்ந்தெடுப்பது எது? இதற்கு நான் படித்தவற்றில் மிகத் தெளிவான பதில் ரியோவைரஸ் சோதனைகளில் இருக்கிறது. எலிக்குட்டியின் பின்னங்காலில் இந்த வைரஸின் மூன்றாம் வகையைச் செலுத்தினால் அது நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறுகிறது. நரம்பை முன்பே வெட்டிவிட்டால் போக முடிவதில்லை. முதல் வகையைச் செலுத்தினாலோ அது இரத்த வழியே போகிறது; நரம்பை வெட்டினாலும் அதற்குக் கவலையில்லை. போய்ச் சேர்ந்தபின் மூன்றாம் வகை நரம்பணுக்களைத் தாக்கிக் கொல்கிறது. முதல் வகை மூளை அறைகளின் ஓரச் செல்களைத் தொற்றி, நீர் தேங்கித் தலை வீங்கச் செய்கிறது. இந்த வைரஸின் மரபுத்தொகுதி பத்துத் துண்டுகளாக இருப்பதால், ஒன்றின் துண்டை மற்றொன்றில் மாற்றிப் பொருத்திப் பார்க்க முடிந்தது. வழியையும் இலக்கையும் தீர்மானித்தது ஒரே துண்டு. வைரஸின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பற்றுப் புரதத்துக்கான துண்டு. எந்தக் கதவின் கைப்பிடியை இறுகப் பிடிக்க முடிகிறது என்பதுதான் பெரும்பாலும் விதி.

வழியைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விலையைப் போலியோவின் வரலாற்றில் பார்க்கலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில், ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் சைமன் ஃபிளெக்ஸ்னரைப் பின்பற்றிய ஆய்வாளர்கள், போலியோ வைரஸ் மூக்கின் மோப்ப நரம்பு வழியே மூளைக்குப் போகிறது என்று உறுதியாக நம்பினர். அவர்கள் சோதித்த ரீசஸ் குரங்குகளில் அது உண்மையும்கூட. மூக்கின் மேற்கூரையில் உள்ள மோப்ப நரம்பணுக்கள் ஒரு முனையால் வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டும், மறுமுனையால் மூளைக்குள் கைநீட்டிக்கொண்டும் இருப்பவை. வழி இருப்பதில் ஐயமில்லை. பன்றிகளில் நிபாவும், எலிகளில் வேறு பல வைரஸ்களும் அவ்வழியில் போவது பின்னாளில் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வகங்களின் போலியோ வைரஸ், குரங்கின் நரம்புத் திசுவில் மாற்றி மாற்றி வளர்க்கப்பட்டதால், நரம்பைத் தவிர வேறொன்றும் அறியாததாக ஆகிவிட்டிருந்தது. இயற்கையில் திரியும் வைரஸ் அப்படிப்பட்டது அன்று. 1937-இல் டொரண்டோவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் வழியை அடைப்பதற்காகத் துத்தநாக சல்பேட்டைப் பீச்சினர். போலியோ தடைபடவில்லை, சில குழந்தைகளுக்கு மோப்பத் திறன் போனதுதான் மிச்சம். 1941-இல் இறந்தவர்களின் உடலைச் சேபினும் வார்டும் ஆராய்ந்தபோது, வைரஸ் குடலில் இருந்தது, மோப்பக் குமிழில் இல்லை. 1952-இல் டோரதி ஹார்ஸ்ட்மனும் டேவிட் போடியனும் தனித்தனியே, வாதம் தோன்றுவதற்கு முந்தைய சில நாட்களில் வைரஸ் இரத்தத்தில் இருப்பதைக் கண்டனர். இரத்தத்தில் இருக்கிறது என்றால், இரத்தத்திலுள்ள சிறிதளவு எதிர்ப்பொருளே அதைத் தடுத்துவிடும். தடுப்பூசிக்கான நம்பிக்கை அதிலிருந்து வலுத்தது. ஆய்வக விலங்கு உண்மையைச் சொல்கிறது, ஆனால் தன்னைப் பற்றிய உண்மையை மட்டுமே சொல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

போலியோவின் இன்னொரு கணக்குத்தான் என் மூன்றாவது கேள்விக்குத் திருப்பம் தந்தது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே நிலையான வாதம் வருகிறது. மற்றவர்களில் வைரஸ் குடலில் பெருகி, மலத்தோடு வெளியேறி, அடுத்தவரைத் தேடிப் போய்விடுகிறது. வைரஸின் பிழைப்பு குடலில். தண்டுவடத்தில் அதற்கு வேலையே இல்லை. தண்டுவடத்திலிருந்து வெளியேறி இன்னொருவரை அடைய அதற்கு வழி கிடையாது. கொசுக்கள் பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸிலும் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய் ஏறத்தாழ 150 பேரில் ஒருவருக்குத்தான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் இரத்தத்தில் கொழித்து வளர்ந்து, அடுத்த கொசுவுக்காகக் காத்திருக்கிறது. வளர்ந்த பன்றி பெரும்பாலும் நோயே காட்டுவதில்லை. குதிரையும் மனிதனும் அந்த வைரஸால் மூளை அழன்று சாகிறார்கள், ஆனால் அவர்களுடைய இரத்தத்தில் கொசுவைத் தொற்றும் அளவுக்கு வைரஸ் இருப்பதில்லை. வைரஸின் பார்வையில் அந்த மூளை ஒரு முட்டுச்சந்து. அங்கே போன வைரஸ் அங்கேயே முடிந்தது; அதோடு சேர்ந்து அந்த உயிரும் முடிந்தது.

முட்டுச்சந்துக்குப் போகும் வழியும் குறுகலானது. போலியோ வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தைப் பெற்ற எலிகளில், அடையாளமிட்ட பல வைரஸ்களைக் கலந்து செலுத்திப் பார்த்த சோதனை ஒன்றின் முடிவு 2006-இல் வெளிவந்தது. காலில் செலுத்திய கலவையில் எல்லா அடையாளங்களும் இருந்தன. மூளையில் போய்ச் சேர்ந்தவற்றிலோ பெரும்பாலும் ஒன்றிரண்டு அடையாளங்களே எஞ்சின. வழியெங்கும் உடல் வடிகட்டிக்கொண்டே இருக்கிறது. இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் இல்லாதபடி மாற்றப்பட்ட எலிகளில் இந்த வடிகட்டல் மிகவும் தளர்ந்துவிடுகிறது. ஆகவே "வைரஸ் மூளையைத் தேடிப் போகிறது" என்று எழுதுவது, என்னைப் பொறுத்தவரை, பெரும்பாலான இடங்களில் தவறான தமிழ். தேடிப் போவதில்லை, கசிந்து போகிறது.

உள்ளே போவதும் உள்ளே கேடு செய்வதும்கூட வெவ்வேறு திறமைகள். பொன்னுக்கு வீங்கி வைரஸ் மூளை உறைக்குள் மிக எளிதாகப் போகிறது, ஆனால் அங்கே பெரும் நாசம் செய்வது குறைவு. ஹெர்ப்பிஸ் அரிதாகவே போகிறது. போனால் பக்கவாட்டு மூளைமடலைச் சிதைத்துவிடுகிறது. மேக்ஸ் தைலர் 1930-இல் மஞ்சள் காய்ச்சல் வைரஸை எலியின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்தினார். கல்லீரலைத் தாக்குவதற்குப் பேர்போன அந்த வைரஸ் எலியை மூளையழற்சியால் கொன்றது. எலி மூளையில் மேன்மேலும் வளர்க்க, எலிக்குக் கொடியதாகவும் குரங்கின் கல்லீரலுக்குச் சாதுவாகவும் மாறியது. அந்த வழியில் தொடங்கிய தேடல்தான் அவரைத் தடுப்பூசிக்கும் 1951-இன் நோபல் பரிசுக்கும் கொண்டுபோனது.

கேட்டைச் செய்வது எப்போதும் வைரஸும் அன்று. எலிகளின் எல்சிஎம் வைரஸை வளர்ந்த எலியின் மூளையில் செலுத்தினால் ஒரு வாரத்தில் எலி சாகும். எதிர்ப்பாற்றலை அடக்கிவிட்டு அதையே செய்தால் எலி சாவதில்லை. மூளை முழுதும் வைரஸ் நிறைந்திருக்க, நடமாடிக்கொண்டிருக்கும். கொன்றது வைரஸைத் தேடி வந்த டி செல்கள் என்னும் எதிர்ப்பாற்றல் வெள்ளணுக்கள். அந்த டி செல்கள் தொற்றிய செல்லை எப்படி இனம்காண்கின்றன என்பதை ரோல்ஃப் ட்சிங்கர்நாகலும் பீட்டர் டோஹெர்ட்டியும் 1970-களில் இதே வைரஸை வைத்துத்தான் கண்டுபிடித்தனர். 1996-இல் நோபல் பரிசு பெற்றனர். ஜெர்மனியின் போர்னா நகரத்துக் குதிரைகளால் பெயர்பெற்ற போர்னா நோயிலும் இதே கதை: வைரஸைச் சுமக்கும் மூஞ்சூறுக்கு ஒன்றுமில்லை, குதிரையில் எதிர்ப்பாற்றலின் கோபம்தான் மூளையை எரிக்கிறது.

ரேபிஸ் இந்த எல்லாப் பொதுமைகளுக்கும் விலக்கு. அதற்கு மட்டும் மூளை முட்டுச்சந்து அன்று, நாற்சந்தி. அது நரம்பணுக்களைக் கொல்ல அவசரப்படுவதில்லை. நோய்க்கூறு நிபுணர்கள் ரேபிஸால் இறந்த மூளையைப் பார்க்கும்போது, அத்தனை கொடிய சாவுக்குப் பொருந்தாத அளவு சேதம் குறைவாக இருப்பதைக் கண்டு வியந்திருக்கிறார்கள். நரம்பணு உயிரோடிருந்தால்தான் வைரஸ் அடுத்த நரம்பணுவுக்குத் தாவ முடியும். மூளையில் பெருகியபின் அது நரம்புகள் வழியே மீண்டும் வெளியே இறங்குகிறது: எச்சில் சுரப்பிகளுக்கு. அதே வேளையில் நாயின் குணம் மாறுகிறது, விழுங்க முடியாமல் எச்சில் வழிகிறது, கடிக்கிறது. கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்லும் பழைய விதியின் அடிப்படையும் இதுவே. எச்சிலில் வைரஸ் வருவது மூளையைக் கடந்த பிறகுதான். எனவே கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால், அந்த நாய் பத்து நாளுக்குள் நோயைக் காட்டிவிடும். ஐந்தே ஐந்து மரபணுக்கள் கொண்ட ஒரு வைரஸ் இத்தனையையும் செய்துமுடிக்கிறது.

டிஸ்டெம்பர் அப்படியன்று. அது நாயின் மூச்சிலிருந்தும் சளியிலிருந்தும் அடுத்த நாய்க்குப் போய்விடும். மூளையில் இருக்கும் வைரஸால் அதற்கு ஒரு பயனும் இல்லை. எங்கள் நாயின் துடிப்பு எதற்காகவும் நிகழ்ந்ததன்று. ஒரு வைரஸின் பிழைப்பு ஓரமாய்ச் சிந்தியதில் நனைந்த இடம் அது. தாடையின் அசைவு சில மாதங்களில் குறைந்துபோயிற்று. பின்னங்காலின் துடிப்பு நிற்கவில்லை. நாய் அதற்குப் பழகிவிட்டது, மூன்று கால்களில் எடையைத் தாங்கி நிற்கக் கற்றுக்கொண்டது. இன்னும் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தது. நன்றாக உறங்கும்போதுகூட அந்தக் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். இரவில் விளக்கணைத்த பின் அந்த ஓசையை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன்.